இறங்காத முத்து

என் மனைவி இறந்த பிறகு எனக்கான மதிய உணவு அடுத்த தெருவிலிருந்து வருகிறது. கொண்டுவருபவர் அவளுடைய தங்கை, எனக்கு மைத்துனி. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் குவைத்தில் இருக்கிறான். ஓர் ஆளுக்குச் சமைப்பதும் இரண்டு ஆளுக்குச் சமைப்பதும் ஒன்றுதான் என்று சொல்லி இந்த ஏற்பாட்டை அவர் தொடங்கினார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய உற்சாகம் அப்போது என்னிடம் இல்லை.

அந்த உணவில் ஏதோ ஒன்று இல்லை என்பதைக் கண்டுகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக் காலம் கழித்தவன் நான். பார்ப்பதுதான் என் தொழில் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றியபோது அதன் மேற்பரப்பு வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். கடுகு இல்லை. கறிவேப்பிலை பச்சையாகக் கிள்ளிப் போடப்பட்டிருந்தது. மறுநாள் குழம்பும் அப்படியே வந்தது. பொரியல் என்று வந்தது உப்புப் போட்டு வேகவைத்த புடலங்காய். என் ரத்தக் கொதிப்பை எண்ணி எண்ணெயைக் குறைத்திருக்கிறார் போலும் என்று நினைத்தேன். ஆனால் கூடவே எலுமிச்சை ஊறுகாய் தாராளமாக வந்துகொண்டிருந்தது. ரத்தக் கொதிப்பை எண்ணுகிறவர் ஊறுகாய் அனுப்ப மாட்டார். ஆகவே அந்தக் கருதுகோள் நிற்கவில்லை, நேரில் கேட்டேன்.

"ஏம்மா, கடுகு தீந்துபோச்சா?"

அவர் அடுக்குப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"தாளிக்கிறதில்ல அத்தான். அக்காவுக்குத்தான் தண்ணி ஊத்தலையே."

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் தாளிப்பதில்லை. எண்ணெய் காயும் வாசனையும் கடுகு வெடிக்கும் ஓசையும் வந்திருப்பவளுக்கு ஆகாது என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்லாமல் முத்து என்பார்கள். முத்து முகத்தில் தொடங்கி, மார்பு, வயிறு, கால் என்று கீழ்நோக்கி இறங்க வேண்டும். இறங்கிக் காய்ந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் ஊறிய நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதற்குப் பிறகே அந்த வீட்டு அடுப்பில் கடுகு வெடிக்கலாம். என் மனைவிக்கு அந்தத் தண்ணீர் ஊற்றப்படவே இல்லை. அந்த விலக்கைத் தன் வீட்டு அடுப்பில், யாரிடமும் சொல்லாமல், என் மைத்துனி நீட்டித்து வைத்திருந்தார்.

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க படிச்சவுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அத்தான். அன்னைக்கு நான் வேப்பிலை கட்டாம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, அக்கா இருந்திருப்பாளா?"

அவ்வளவு நாளும் இந்தக் கேள்வியோடுதான் அவர் எங்கள் தெருவுக்குள் வந்து போயிருக்கிறார். பங்குனியில் மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர் அந்த ஆண்டு எடுக்கவில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முழங்கால் வலி என்று எண்ணியிருந்தேன். "பாத்துச் சொல்றேம்மா" என்றேன். தேர்வுத்தாளில் பிழை என்று வந்து நிற்கும் மாணவனுக்குச் சொல்வதைப் போன்ற பதில். ஆனால் உண்மையாகவே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பார்ப்பதென்றால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். மார்கழியில் அவளுக்கு வாய்ப்புண் வந்தது. எங்கள் ஊரான அன்னவாசலில் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும் காரணம் சூடு. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், பி வைட்டமின் மாத்திரை என்று வரிசையாகப் பார்த்தோம். ஆறவில்லை. உதடுகள் வெடித்து ரத்தம் கட்டிக் கறுத்தன. கண்கள் சிவந்தன. சோற்றைக் கரைத்துக் குடித்தாள். மாசி வெயில் ஏறத் தொடங்கியபோது முதுகிலும் மார்பிலும் உள்ளங்கையிலும் கொப்புளங்கள் எழும்பின.

மைத்துனி வந்து பார்த்தார். பார்த்ததும் செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கைகூப்பினார். "முத்து போட்ருக்கு. ஆத்தா வந்துட்டா" என்றார். பேச முடியாத என் மனைவி உடனே தலையசைத்தாள். சோறு வேண்டுமா என்றால்கூட அவ்வளவு விரைவாக அவள் அந்நாட்களில் தலையசைத்ததில்லை.

நான் ஏன் தடுக்கவில்லை என்று பிறகு சிலர் கேட்டார்கள். பெரியம்மை உலகைவிட்டுப் போய்விட்டது. இன்று அம்மை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சின்னம்மை. அது வைரஸால் வருவது. பெரும்பாலானவர்களுக்குத் தானே வந்து தானே போகும். இதைத்தான் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் குறைந்த அறை, இளநீர், ஓய்வு, வெளியாட்கள் வராமை ஆகியவற்றில் என் பாடநூல் மறுக்கத்தக்கது எதுவுமில்லை. வேப்பிலையும் பாடநூலும் ஒத்துப்போனதால் எங்கள் வீட்டில் விவாதமே எழவில்லை. ஜெகதாப்பட்டினத்து மீனை ஐஸ் பெட்டியில் வைத்து மொபெட்டில் கொண்டுவருபவர், எங்கள் வாசலைக் கண்டதும் ஹார்ன் அடிப்பதை நிறுத்திக்கொண்டு ஓசைப்படாமல் கடந்துபோனார். தெருவே எங்களுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

மைத்துனி நாள்தோறும் காலையில் வந்து அக்காவின் உடம்பைப் பார்ப்பார். "எறங்குதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். தண்ணீர் ஊற்ற ஒரு நாள் குறித்தார், அதைத் தள்ளி வைத்தார், மறுபடியும் குறித்தார், மறுபடியும் தள்ளி வைத்தார். கடைசியில் ஒரு காலை அவரே வேப்பிலையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இது ஆத்தா இல்ல அத்தான். ஆத்தான்னா எறங்கணும். இதுல ஒண்ணு ஆறுறதுக்குள்ள பக்கத்துல ஒண்ணு வருது. தொடச்சு விட்டா தோலே துணியோட வருது" என்றார். அன்றே புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனோம்.

தோல் மருத்துவர் எனக்கு மகளாகக்கூடிய வயதுடையவர். கொப்புளத்தைவிட வாயையே நெடுநேரம் பார்த்தார். பிறகு கொப்புளம் இல்லாத ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளினார். தோலின் மேலடுக்கு, ஈரமான தாளைப் போல, விலகிப் போயிற்று. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "ஆன்ட்டி, கழுத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல எங்கயாச்சும் கட்டி மாதிரி தட்டுப்படுதா?" என்று கேட்டார். என் மனைவி இல்லையென்று தலையசைத்தாள். தோலைக் காட்ட வந்தவளிடம் கட்டியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பு இன்னும் முழுமையாக என்னைவிட்டுப் போகவில்லை.

தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினார்கள். தோலின் மேலடுக்கிலுள்ள செல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் இணைப்புகளை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ரவிக்கையில் தைக்கும் டிச் பட்டன் போன்றவை அவை. இந்தச் செல்லில் ஒரு பாதி, பக்கத்துச் செல்லில் மறுபாதி; இரண்டும் கவ்வியிருக்கும்வரை தோல் தோலாக இருக்கும். உடம்பைக் காப்பதற்காக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், என் மனைவியின் உடம்பில், அந்தப் பட்டன்களைப் பகையென்று எண்ணிக் கழற்றிக்கொண்டிருந்தன. கழன்ற இடங்களில் நீர் சேர்ந்தது. அதுவே முத்து.

அந்த எதிர்ப்பொருள்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதை ஒளிரும் சாயம் கொண்டு நுண்ணோக்கியில் காணலாம். நான் விலங்கியல்காரன் என்று தெரிந்ததும் மருத்துவர் தம் கணினியில் அந்தப் படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்புலத்தில், பச்சை ஒளியில் ஒரு வலை. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு செல். வலைக்கு அடியில், மேலடுக்கு முடியும் இடத்தில், அதே பச்சையில் ஒரு கோடு. வலை மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு நோய், கோடு மட்டும் தெரிந்தால் வேறொன்று, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உடம்பின் உள்ளே ஒரு கட்டியைத் தேடிப் பார்ப்போம் என்றார். அந்தப் படம் அழகாக இருந்தது. எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் என் மனைவி சைகையால் என்னவென்று கேட்டாள். வலை மாதிரி இருக்கிறது என்றேன். மீமிசலில் பிறந்து வளர்ந்தவள் அவள். உதட்டை அசைக்காமல், பல்லுக்குள்ளேயே கேட்டாள்.

"எறா வலையா, நண்டு வலையா?"

"கண்ணி சின்னது."

"அப்ப எறா வலை. மாட்டுனது யாருன்னு கேட்டீங்களா?"

மாட்டியது யார் என்பது ஸ்கேனில் தெரிந்தது. இடது அக்குளில் ஒரு கட்டி, வயிற்றுக்குள் சில. நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். திருச்சிக்குப் போனோம். மருந்து ஏற்றினார்கள். அக்குளில் இருந்த கட்டி கரைந்தது, புண்கள் கரையவில்லை. பிறகு மூச்சு திணறியது. அந்த எதிர்ப்பின் கை நுரையீரலின் சிறு குழாய்கள் வரைக்கும் எட்டியிருக்கிறது என்றார்கள். புற்றுநோயை முந்திக்கொண்டு அதுவே அவளைக் கொண்டுபோனது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மைத்துனியின் கேள்விக்குப் பிறகு நான் படிக்கத் தொடங்கினேன். பழைய மாணவர் சிலர் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறார்கள், கேட்டதை அனுப்பினார்கள். துக்கத்தை மறப்பதற்காகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அறிய வேண்டும் என்ற ஆவல்தான் இருந்தது. அது எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. அக்குளில் இருக்கும் ஒரு கட்டிக்கும் உதட்டில் இருக்கும் ஒரு புண்ணுக்கும் என்ன உறவு?

ஒரு விளக்கம் இப்படிப் போகிறது. கட்டியின் செல்கள் தம்மிடம் இருக்கத் தேவையில்லாத புரதங்களைச் செய்கின்றன. அவற்றில் சில தோலின் பட்டன்களை ஒத்திருக்கின்றன. கட்டியைத் தாக்கப் புறப்பட்ட உடம்பு, சாயல் கண்டு தோலையும் தாக்குகிறது. அப்படியானால் ஒவ்வொரு கொப்புளமும் அவள் உடம்பு புற்றுநோயோடு நடத்திய போரில் தவறி விழுந்த ஓர் அடி. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு கடைத்தெரு வரை போய்வந்தேன். வேறொரு விளக்கம் அதைக் கவிழ்க்கிறது: நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய், எதிர்ப்புச் செல்களே கெட்டுப்போவதால் வருவது, ஆகவே தோலைத் தாக்கும் பொருளைக் கட்டியே உண்டாக்கலாம், அல்லது அதற்கு ஏவலாம். அங்கே போரும் இல்லை, தவறி விழுந்த அடியும் இல்லை. இன்னும் சிலர், முதலில் வேறு செல்கள் தோலைச் சிதைக்கின்றன, அதனால் உள்ளே மறைந்திருந்தவை வெளியே தெரிந்து, எதிர்ப்பு மேலும் மேலும் பரவுகிறது என்கிறார்கள். கட்டி கரைந்த பின்னும் புண் ஏன் ஆறவில்லை என்பதற்கு இது ஓரளவு பொருந்துகிறது. மூன்றுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம். கொப்புளம் வரும் எல்லோரிடமும் புற்றுநோய் ஒளிந்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது என்பதையும் படித்தேன். வயதானவர்களுக்கு வரும் கொப்புள நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு துணை இல்லை. இவளுக்கு வந்தது அரிதினும் அரிது. அதைச் சின்னம்மை என்று எண்ணாமல் இருந்திருக்க வேண்டும் என்று யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் மைத்துனி என்னிடம் கேட்டது இதுவல்ல. அந்த வேப்பிலை நாட்கள் அவளைக் கொன்றனவா என்பதே கேள்வி. அதைக் கேட்க மறுபடியும் புதுக்கோட்டைக்குப் போனேன். தோல் மருத்துவர் என்னை நினைவில் வைத்திருந்தார். பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெரியாது சார்" என்றார். வாய்ப்புண் மார்கழியிலேயே தொடங்கிவிட்டது, அதற்கும் முன்பே கட்டி இருந்திருக்கும், இந்த வகையில் முன்கூட்டிப் பிடித்தாலும் பலருக்குப் பலன் இருப்பதில்லை, ஆகவே பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று தாம் நினைப்பதாகச் சொன்னார். "நினைக்கிறேன்தான் சார். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்." அவர் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நேர்மையைச் சுமந்துகொண்டு பேருந்தில் திரும்பும்போது, அதைக் கொண்டு ஒரு கிண்ணம் ரசத்தைக்கூடத் தாளிக்க முடியாது என்று தோன்றியது.

மருத்துவரிடம் இல்லாத ஒரு விவரம் என்னிடம் இருந்தது. திருச்சியில், வாய்ப்புண் சற்றுத் தணிந்து அவள் தெளிவாகப் பேசிய ஓரிரு நாட்களில், ஒரு மதியம், என் மனைவி அதை என்னிடம் சொல்லியிருந்தாள்.

"அக்குள்ல கட்டி இருந்தது எனக்கு முன்னாடியே தெரியும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். நவராத்திரியிலிருந்து என்றாள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "சொன்னா காட்டுவோம்பீங்க. காட்டுனா அது இதும்பாங்க. முத்து வந்ததும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆத்தா வந்துருக்கையில யாரும் ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்புட மாட்டாங்கள்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சின்னவகிட்டச் சொல்லிராதீங்க. திட்டுவா."

அவளுடைய அந்த விரைவான தலையசைப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வாயால் சொல்லாததைத் தோல் சொல்ல முயன்றிருக்கிறது. அதற்கும் முத்து என்று ஒரு பெயர் கிடைத்ததும், அந்தப் பெயருக்குள் போய் அவள் படுத்துக்கொண்டாள்.

இதை மைத்துனியிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாட்கள் எண்ணினேன். சொன்னால் ஒரு சுமை உயிரோடு இருப்பவரின் தோளிலிருந்து இறங்கி, இறந்தவளின் மீது ஏறும். அவள் தன் பக்கத்தைச் சொல்ல இனி வர மாட்டாள். சொல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் ஆயுள் முழுதும் கடுகைத் தொடாமல் இருப்பார். கடைசியில், அவள் எதற்கு அஞ்சிச் சொல்லாதே என்றாள் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தேன். வசவுக்கு அஞ்சினாள். இனி அவளை எந்த வசவும் எட்டாது.

மறுநாள் மதியம் மைத்துனி வந்ததும் உட்காரச் சொன்னேன். முதலில் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பழுதான இணைப்பைப் பற்றிய புகாரைக் கேட்பவரைப் போல, இடையில் பேசாமல் கேட்டார்.

"அப்ப தெரியாதுங்கிறீங்க."

"தெரியாதுன்னுதான் சொல்றாங்க."

தலையசைத்துவிட்டு எழுந்து அடுக்குப் பாத்திரத்தை எடுத்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருந்தார் என்று தெரிந்தது. அப்போது மற்றதைச் சொன்னேன். நவராத்திரி என்றதும் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நவராத்திரிக்கா? தீவாளிக்கு ரவிக்கை தைக்க அளவு குடுக்க வாக்கான்னு எத்தன தடவ கூப்புட்டேன். வரவே மாட்டேன்னுட்டா. பழைய ரவிக்கைய அளவுக்குக் குடுத்து விட்டா. டெய்லர்கிட்ட கைய தூக்கணும்ல, அதான்." கீழே வைத்த பாத்திரத்தை அப்பால் தள்ளினார். "கள்ளி. என்னைய வேப்பிலை கட்ட வச்சுட்டு உள்ளுக்குள்ள இளநி குடிச்சுக்கிட்டுப் படுத்துருந்துருக்கா பாருங்க. நான் தெனம் காலைல எறங்குதா எறங்குதான்னு பாக்குறேன், இவ கைய இடுக்கிக்கிட்டுப் படுத்துருக்கா. சின்னப்புள்ளைலயும் இதே வேலதான் அத்தான். கால்ல ஆணி குத்துனத மறச்சு வச்சு, சீழ்புடிச்சு, எனக்குத்தான் அடி விழுந்துச்சு."

திட்டிக்கொண்டே அழுதார். நடுவில் ஒரு முறை சிரிக்கவும் செய்தார். நான் தடுக்கவில்லை. என் மனைவி எதிர்பார்த்திருந்த வசவு முழுவதையும் அவளுக்காக நான் உட்கார்ந்து கேட்டேன்.

அழுகை அடங்கியதும் கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்தார். குடத்து நீரில் மஞ்சளைக் கரைத்து, இலையைப் போட்டு, வெயிலில் வைத்தார். நீர் வெதுவெதுப்பானதும் வாசற்படியில், வேப்பிலை கட்டியிருந்த நிலைக்கு நேர் கீழே, மூன்று முறை ஊற்றினார். அது அம்மை இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதே என்று நான் கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"இல்லைதான். ஆனா வராதவள வந்துட்டான்னு சொல்லி வாசல்ல நிறுத்தி வச்சுட்டோம்ல. நிறுத்துனவுங்கதான அனுப்பி வைக்கணும்" என்றார்.

குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்குச் சற்று நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உணவு நேரமாகித்தான் வந்தது. ரசத்தில் கடுகு மிதந்தது, பெரும்பாலும் கருகியிருந்தது. இவ்வளவு நாள் விட்டுப்போன கை. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.